இடஒதுக்கீட்டிலிருந்து பாடநூல்வரை: இந்திய உயர்கல்வியில் பார்வையற்ற மாணவர்

இந்திய உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் முதலில் சேர்க்கையைத் தொட்டன. அடுத்துத் தேர்வறைக்கு வந்தன. பாடநூலை மிகப் பிந்தியே எட்டின. இன்றைய குறைகளில் பல இந்த வரிசையிலிருந்தே பிறந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. பள்ளிக் கல்விக்கு அது அடித்தளம் இட்டது. பட்டப்படிப்பு நூல்கள் பிரெயிலில் கிடைப்பதோ அரிதாகவே இருந்தது. தோழர்கள் வாசிக்கக் கேட்டும், ஒலிநாடாவில் பதிந்துவைத்தும் பல தலைமுறையினர் பட்டம் பெற்றனர். அவர்களின் விடாமுயற்சியை நாம் போற்றினோம். நூலைத் தர வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று எண்ணவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவிபெறும் நிறுவனங்களிலும் 3 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. பார்வையற்றோருக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவரைத் தரவும் பணித்தது. ஆனால் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் போன்ற விரிவான நெறிமுறைகளை மத்திய அரசு வகுத்தது 2013-இல்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 5 விழுக்காடாக உயர்த்தி, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது.

பாடநூலின் கதை வேறு. பதிப்புரிமையுள்ள நூலை ஒலிவடிவமாகவோ மின்வடிவமாகவோ மாற்ற உரிமையாளரின் அனுமதி தேவைப்பட்டது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது அத்தடை நீங்கியது. பார்வையற்றோர் நூல்களை அணுக வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடும் இந்தியாவே. எனினும் மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதிதான் கிடைத்தது. மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகவில்லை.

சட்டக் கல்லூரிகளை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 2017 டிசம்பரில் அளித்த தீர்ப்பு இங்கே முக்கியமானது. சேர்க்கையோடு நிற்காமல் கட்டட வசதி, கற்பிக்கும் முறை ஆகியவற்றையும் அது எடுத்துக்கொண்டது. இவற்றுக்கான நெறிமுறைகளை ஆராயும்படி பல்கலைக்கழக மானியக் குழுவிடம் கூறியது. அணுகல்தன்மை குறித்த குழுவின் நெறிமுறைகள் 2022-இல் வந்தன. 2024 நவம்பரில் மற்றொரு வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவிடக் கூடாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்வழி மாணவருக்கு இவற்றோடு எழுத்துருக் குறியேற்றம் என்ற இன்னொரு தடையும் உண்டு. அது பெரிதும் பேசப்படுவதில்லை. 1991-இல் உலக மொழிகளுக்கான பொதுக் குறியேற்றமான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் இன்று தமிழையும் வாசிக்கும். ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவற்றில் தட்டச்சான பாடக்குறிப்பு கண்ணுக்குச் செம்மையான தமிழ். மென்பொருளின் குரலிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும், அது இயலாத இடங்களுக்கு டேஸ்-16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன் உருவான பாடங்கள் தாமாக மாறிவிடவில்லை.

மூலக் கோப்பு கையில் இருந்தால் எழுத்துரு மாற்றிகள் அதை விரைவில் யூனிகோடாக்கிவிடும். அச்சுப் பக்கத்தின் ஸ்கேன் படம் மட்டுமே எஞ்சியிருந்தால் எழுத்துணரியில் இட்டு, வரிவரியாக மெய்ப்புப் பார்க்க வேண்டும். இந்த வேலையைப் பருவம் தொடங்கும் முன்பே துறை முடித்திருக்க வேண்டும். இடம் பெற்றுவந்த மாணவர் தன் தோழரைத் தேடிப் போய்ச் செய்துகொள்ளும் வேலை அல்ல அது.