காகித மடிப்பும் கணித அறிவும்

மீலாது மாதம் நெருங்கிவிட்டால், மதுரையைச் சூழ்ந்த ஊர்களின் மக்தபுகளில் ஓதல் முடிந்த பின்னும் பிள்ளைகள் வீடு திரும்புவதில்லை. வண்ணத்தாளும் கத்தரிக்கோலும் பசைக் கிண்ணமுமாகத் தோரண வேலை தொடங்கிவிடும். அரபெழுத்து உள்ள தாளில் கத்தரி படலாகாது என்பது அங்கே முதற்பாடம். மற்றபடி எந்தக் 'காயிதமும்' அவர்கள் கைக்குத் தப்பாது. பேச்சு வழக்கின் அந்தக் காயிதமும் ஏட்டு வழக்கின் காகிதமும் 'காகஸ்' என்னும் பாரசீகச் சொல்லின் வழியே நம்மிடம் வந்தவை.

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் கண்ட காட்சி இது. எண்முனை நட்சத்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தோம். ஒரு சிறுவன் சதுரத்தாளை இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான், பிறகு மையத்திலிருந்து குறுக்காக மடித்து எட்டு அடுக்காக்கி, நன்கு சாய்வாக ஒரே வெட்டு வெட்டினான். விரித்தால் நான்கே முனை! பிள்ளைகள் சிரித்தார்கள். கத்தரி வழுக்கிவிட்டது என்று எண்ணி மறுபடியும் வெட்டினான், மறுபடியும் நான்கு. "இன்னொரு மடிப்பு மடி" என்றோம். பதினாறு அடுக்கில் எட்டு முனை மலர்ந்தது. "எட்டு முனைக்கு ஏன் ஹஜ்ரத் பதினாறு மடிப்பு?" என்று கேட்டான். நமக்குத் தந்திரம் தெரிந்திருந்தது. காரணம் உடனே வாயில் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் விளங்கிற்று. சாய்ந்த வெட்டின் ஒரு கோடி மையத்திற்கு அருகிலும் மறுகோடி தொலைவிலும் விழுகிறது. தாளை விரிக்கும்போது மடிப்புக் கோடுகளில் ஒன்று முனையாகவும் அடுத்தது பள்ளமாகவும் மாறி மாறி அமைகின்றன. எட்டுக் கோடுகளில் பாதிதான் முனை. பதினாறு கோடுகள் இருந்தாலன்றி எட்டு முனை கிட்டாது.

கை அறிந்ததை அறிவு அறியாதிருக்கும் இந்நிலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நன்கு உணர்ந்தவர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி. 940இல் குராசானில் பிறந்து, பகுதாதில் வாழ்ந்த கணித மேதை அவர். கைவினைஞருக்கு வேண்டிய வடிவக் கணித முறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். கணித அறிஞரும் கைவினைஞரும் கூடி விவாதித்த அவைகளில் தாம் இருந்ததை அதிலே குறிப்பிடுகிறார். கைவினைஞர் கண்ணுக்குச் சரியென்று பட்டதோடு நின்றுவிடுகிறார், நிரூபணம் கேட்பதில்லை. கணித அறிஞரோ நிரூபணத்தோடு நின்றுவிடுகிறார். வெட்டிப் பொருத்தும் தொல்லை அவருக்கு இல்லை. இரு சாராரின் குறையையும் ஒளிக்காமல் எழுதிய நேர்மை நம்மை வியக்க வைக்கிறது.

அந்நூலின் கணக்கு ஒன்றைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களைச் சேர்த்து ஒரே பெரிய சதுரமாக்க வேண்டும். இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாம் சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் அவற்றைச் சுற்றிவர வையுங்கள். ஒவ்வொன்றின் நீண்ட பக்கமும் சதுரத்தின் பக்கத்தோடு ஒட்டி, ஒரு நுனி சதுரத்தின் மூலையில் தொடங்கி, மறுநுனி காற்றாடி இறக்கைபோல வெளியே நீண்டிருக்கட்டும். முக்கோணங்களின் நேர்கோண முனைகளைக் கோடிட்டு இணைத்து, கோட்டுக்கு வெளியே நிற்கும் சிறு துண்டுகளை வெட்டி, அருகிலுள்ள இடைவெளிகளில் வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்தும். மொத்தம் ஒன்பது துண்டுகள். பொருந்துவதைக் கண் காட்டும். ஏன் பொருந்துகிறது என்பதற்கு, வெட்டிய துண்டும் இடைவெளியும் சர்வசமம் என்று காட்டியாக வேண்டும். அபுல் வஃபா வற்புறுத்தியது இதைத்தான்.

பகுதாத்வரை போகவேண்டியதில்லை, நம் நாட்டிலேயே இவ்வழியில் ஒரு நூல் பிறந்தது. 1893இல் சென்னையில் அடிசன் கம்பெனி வெளியிட்ட, காகித மடிப்பு வழியே வடிவக் கணிதம் கற்பிக்கும் டி. சுந்தர ராவின் ஆங்கில நூலே அது. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் வகுத்த குழந்தைப் பள்ளி விளையாட்டுகளில் எட்டாவதான காகித மடிப்பே தமக்கு அந்த எண்ணத்தைத் தந்தது என்கிறார் ஆசிரியர். அளவுகோலும் கவராயமும் வேண்டாம்; ஒரு பேனாக்கத்தியும் சில தாள் துண்டுகளும் போதும். ஒழுங்கற்ற ஒரு தாளை மடித்துச் சதுரமாக்குவதில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று ஏறிச் செல்கிறது நூல்.

1895இல் ஜெர்மனியின் பெருங்கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அக்குறிப்பைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் 1901இல் சிகாகோவில் இதைப் பதிப்பித்தனர். 1966இல் நியூயார்க்கில் மீண்டும் அச்சாயிற்று. இடையில் 1936இல் இத்தாலியப் பெண் அறிஞர் மார்கரிட்டா பெலோக், கவராயத்தாலும் கோலாலும் தீராத முப்படிச் சமன்பாடுகளையும் மடிப்பினால் தீர்க்கலாம் என்று நிறுவினார். சென்னையில் அச்சான நூலின் பெருமையை நாம் சிகாகோ வழியாகத் தெரிந்துகொண்டது சற்றே கூச்சம் தரும் செய்திதான்.

இன்று அந்நூல் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்து, வெள்ளிக்கிழமை மாலைகளில் நம் பிள்ளைகளோடு மடித்துப் பார்த்து வருகிறோம். பதினாறு மடிப்புக்குக் காரணம் கேட்ட சிறுவனும் தவறாமல் வருகிறான். ஐங்கோணம்வரை வந்திருக்கிறோம்.