டேலியா பூத்து முடிந்த பிறகு கிழங்கைக் காப்பது எப்படி?

ஏற்காடு அண்ணா பூங்காவில் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு டேலியா வாங்கி வளர்ப்பவர்கள் பலர். பூ உதிர்ந்ததும் செடியை வெட்டிப் போடுவதும், தொட்டியை மழையில் விட்டுவிடுவதும்தான் அடுத்த ஆண்டு கிழங்கு இல்லாமல் போவதற்குக் காரணம். குளிர் நாடுகளில் உறைபனிக்குப் பயந்து கிழங்கைத் தோண்டி எடுப்பார்கள். ஏற்காடு, தலைச்சோலை போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் உறைபனி பிரச்னை இல்லை. மழை ஈரத்தால் வரும் அழுகல்தான் எதிரி.

பியோனி வேண்டாம்

டேலியாவைப் போலவே அடுக்கு இதழ் கொண்ட பியோனியின் கிழங்கை வாங்கி நட நினைப்பவர்கள் கவனிக்கவும். பியோனி மொட்டு விட, பல வாரங்களுக்கு உறைநிலையை ஒட்டிய குளிர் தேவை. அதன் ஓர் இனம் இமயமலையில் தானாகவே வளர்கிறது. அந்த அளவு குளிர் நம் மலையில் இல்லாததால் பணம் வீணாகும். மெக்சிகோ மலைப்பகுதியிலிருந்து வந்த டேலியாவுக்கு ஏற்காடு ஏற்ற இடம்.

பூ முடிந்ததும்

* வாடிய பூவை மட்டும் காம்போடு கிள்ளி எடுங்கள். பச்சை இலைகளை வெட்டக் கூடாது. இலை தயாரிக்கும் உணவுதான் கிழங்கில் சேர்கிறது.
* யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை நிறுத்துங்கள்.
* தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். நிலத்தில் உள்ள செடிக்கு மண் அணைத்து, தண்ணீர் வடிய வாய்க்கால் எடுங்கள்.
* இலை மஞ்சளாகத் தொடங்கினால் தண்ணீரைக் குறைத்து, பின் நிறுத்துங்கள்.

கிழங்கு எடுத்தல்

இலைகள் காய்ந்ததும் தண்டை அரை அடி விட்டு வெட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, கொத்தாகத் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கின் கழுத்து ஒடிந்துவிடும்; ஒடிந்த கிழங்கு முளைக்காது.

மண்ணைக் கழுவி, அழுகிய பகுதியை வெட்டி நீக்குங்கள். தண்டு உள்ளே குழலாக இருப்பதால், தேங்கிய நீர் வடியும்படி தலைகீழாக வைத்து இரண்டு, மூன்று நாள் நிழலில் உலர்த்துங்கள்.

சேமிப்பு

உலர்ந்த மணல் அல்லது தென்னை நார்க்கழிவில் புதைத்து, காற்றோட்டமான அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டாம். 15 நாட்களுக்கு ஒருமுறை பார்த்து, அழுகியதை அகற்றுங்கள். சுருங்கினால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

பிரித்து நடுதல்

மழை ஓய்ந்து முளைக்கண் தெரிந்ததும் கொத்தைப் பிரிக்கலாம். முளைக்கண் கிழங்கில் இருக்காது. பழைய தண்டின் அடியில்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு துண்டிலும் தண்டின் ஒரு பகுதி ஒட்டியிருக்க வேண்டும். 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் நட்டு, முளை வரும்வரை தண்ணீரை அளவாக விடுங்கள்.

இலையில் மஞ்சள் திட்டுகளும் நெளிவும் இருந்த செடியின் கிழங்கைச் சேமிக்க வேண்டாம். அது அசுவினி பரப்பும் தேமல் வைரஸாக இருக்கலாம். கிழங்கு வழியே அடுத்த செடிக்கும் போகும்.