மருந்துக் கிண்ணத்திலிருந்து பால்புட்டி வரை: சர்பத்தின் வரலாறும் நம் குழந்தைகளின் பற்களும்



நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழத்திற்கு அடுத்தபடியாக நம் கைகள் நீள்வது சர்பத் குவளையை நோக்கித்தான். ‘குடித்தான்’ எனப் பொருள்படும் ‘ஷரிப’ என்ற அரபு வேரிலிருந்து வந்தது அப்பெயர். இருமலுக்கு நாம் வாங்கும் ‘சிரப்’பும் அதே வேரில் கிளைத்த சொல்லே. பானத்திற்கும் மருந்துக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் அமைந்தது தற்செயலன்று. இனிப்புப் பானம் முன்பு எங்கே இருந்தது, இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதை அறிந்தால், நம் பிள்ளைகளின் பற்களுக்கு நேர்ந்திருப்பது என்னவென்று விளங்கும்.

கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் கலை இந்திய மண்ணிலிருந்து பாரசீகம் சென்றது. ‘சர்க்கரா’ எனும் வடசொல் அங்கே ‘ஷகர்’ ஆகி, அரபியில் ‘சுக்கர்’ ஆயிற்று. முஸ்லிம்கள் கரும்புப் பயிரை எகிப்து, சிசிலி, அந்தலூசியா வரை கொண்டு சென்றனர். ஆயினும் சர்க்கரை அன்று எல்லோர் வீட்டு அடுப்படியிலும் இருந்த பொருளன்று. இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலின் ஐந்தாம் பகுதியில் கூட்டு மருந்துகளைத் தொகுத்தபோது, ஷராப் வகைகளை அவற்றோடு சேர்த்தார். 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோ வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரௌ, ஃபாத்திமிய அரண்மனையின் பெருநாள் விருந்தில் சர்க்கரையால் செய்யப்பட்ட மரமொன்றைக் குறித்து எழுதினார். நோயாளிக்கு அளந்து தரும் மருந்து, அரசரின் பெருநாள் ஆடம்பரம் என்பனவே அன்று சர்க்கரைக்குரிய இடங்களாக இருந்தன.

பற்களைப் பேணும் ஒழுக்கமோ ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவாக இருந்தது. தம் சமுதாயத்தினருக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையெனில், ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யக் கட்டளையிட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நம் நாட்டில் உகாய் எனப்படும் மரத்தின் குச்சியே அந்த மிஸ்வாக். குர்துபா நகர அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவீ, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் 30ஆம் பகுதியில், பற்களில் படியும் காறையைச் சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்தே விளக்கினார்.

பின்னர் நிலை மாறியது. கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1747இல் பெர்லின் வேதியியலாளர் மார்க்ராஃப் பீட்ரூட் கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் கண்டறிந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகி, விலை வீழ்ந்தது. 1908இல் மான்செஸ்டரில் ஜான் நோயல் நிக்கல்ஸ் உடலுக்கு ஊக்கமூட்டும் ‘டானிக்’ என உருவாக்கிய விம்டோ, 1920களில் அரபு நாடுகளை அடைந்து, இன்று வளைகுடாவில் ரமளானின் அடையாளமாகவே விளங்குகிறது. பழைய ஷராபைப் போலவே இதுவும் மருந்தென்ற பெயருடன் தொடங்கி விருந்தில் இடம்பெற்றது. ஆனால் இனிப்புப் பானங்கள் விருந்தோடு நிற்கவில்லை. அவை அன்றாடப் பழக்கமாகி, பள்ளிப் பைக்குள்ளும் பால்புட்டிக்குள்ளும் புகுந்துவிட்டன.

இதனால் விளையும் கேட்டை அறிவியல் படிப்படியாகக் கண்டறிந்தது. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் இனிப்பையும் மாவுப்பொருளையும் அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன என்பதை 1890இல் பெர்லினில் பணிபுரிந்த டபிள்யூ. டி. மில்லர் விளக்கினார். சுவீடனின் வீப்பஹோல்ம் விடுதியில் மனவளர்ச்சி குன்றியோருக்கு ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 1954இல் வெளியாயின. சம்மதம் தெரிவிக்க இயலாதோரின் பற்களை வேண்டுமென்றே சிதைத்த அச்செயல் பெரும் அநீதி. அவர்கள் விலைகொடுத்த பாடத்தையேனும் நாம் வீணாக்கலாகாது. உணவோடு உண்ட இனிப்பு சிறிதளவே தீங்கு செய்தது. இடைவேளைகளில் அடிக்கடி உண்ட ஒட்டும் இனிப்போ பற்களை வெகுவாகச் சிதைத்தது. சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் சுவீடனில் வேரூன்றியது இதன் பின்னரே.

காரணம் எளிது. ஒவ்வொரு மிடறு இனிப்புக்குப் பின்னும் வாயில் அமிலம் எழுகிறது. உமிழ்நீர் அதைத் தணிக்க ஏறத்தாழ அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மிடறு வந்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், இனிப்புப் பாலோ பழச்சாறோ நிறைந்த புட்டியை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தைக்கு அந்த அமிலம் நெடுநேரம் நீடிக்கிறது. இவ்வாறு மேல் முன்பற்கள் அழிவதை 1962இல் எலியாஸ் ஃபாஸ் எனும் பல் மருத்துவர் எடுத்துரைத்தார்.

“பால்பல்தானே, விழுந்து முளைக்கும்” எனப் பெற்றோர் பலர் கூறக் கேட்கிறோம். பாலகடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தை வலியால் பிள்ளை உண்ண மறுக்கும், உறக்கம் கெடும். ஓதக் கற்பிக்கும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஸா, தால், ளா ஆகிய எழுத்துகள் நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடுவதால் பிறக்கின்றன. ஃபாவுக்கும் அப்பற்களே துணை. ஃபாத்திஹாவைக் கற்கும் வயதில் அவை கரைந்து போயிருந்தால் பிள்ளை எதைக்கொண்டு மொழியும்?

2017இல் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் குளிர்பானங்களுக்கு 50 விழுக்காடு, ஊக்கபானங்களுக்கு 100 விழுக்காடு தனிவரி விதித்தன. அரசுகளால் விலையைத்தான் உயர்த்த முடியும். குவளையை நிரப்பும் கை நம்முடையது. உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைமறை, அதே வசனத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறது (அல்அஃராஃப் 31).

ஆகவே சர்பத்தை அதன் பழைய இடத்திற்கே திருப்புவோம். அது விருந்துக்கும் பெருநாளுக்கும் உரியதாக, உணவோடு ஒருமுறை பருகுவதாக இருக்கட்டும். குழந்தையின் உறக்கப் புட்டியில் இனிப்பு எதுவும் வேண்டாம். தாகத்திற்குத் தண்ணீரே போதும். முதல் பல் முளைத்த நாள் முதல், அரிசியளவு ஃப்ளூரைடு பற்பசையால் காலையும் இரவும் துலக்கிவிடுவோம். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவோம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களின் பற்களும் அதில் அடங்கும். அந்த அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.