கிரேஃப்ரையர்ஸ் மடம், இலண்டன்

இலண்டன் நகர மதிலுக்குள், நியூகேட் தெருவின் வடபுறத்தில் 1225 முதல் 1538 வரை இருந்த பிரான்சிஸ்கன் துறவியர் மடம். சாம்பல் நிற அங்கியால் துறவியருக்கு வந்த பெயரே மடத்துக்கும் நிலைத்தது.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் உயிரோடிருந்தபோதே, 1224 செப்டம்பரில், அவருடைய சபையார் ஒன்பது பேர் டோவரில் கரையிறங்கினர். அவர்களுள் நால்வர் இலண்டனுக்கு வந்தனர். மறுஆண்டு ஜான் இவின் என்ற துணி வணிகர் அவர்களுக்கு இடம் தந்தார். கசாப்புக் கடைகள் மொய்த்த பகுதி அது; பக்கத்துச் சந்துக்கு ‘நாற்றச் சந்து’ என்றே பெயர். சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சபையின் விதி. அதனால் நிலம் நகரத்தாரின் பெயரில் எழுதப்பட்டது. துறவியருக்கு அனுபவ பாத்தியதை மட்டுமே. பின்னாளில் இவினும் இந்தச் சபையிலேயே சேர்ந்தார்.

ஒன்றும் வேண்டாம் என்றவர்களிடம் செல்வம் தேடி வந்தது. முதலாம் எட்வர்டின் இரண்டாம் மனைவி மார்கரெட்டின் ஆதரவில் 1306-இல் தொடங்கிய புதிய கோயில், 1348-இல் முடிந்தபோது 300 அடி நீளம் இருந்தது. துறவியரின் அங்கியோடு அங்கே அடக்கமானால் மறுமைக்கு நல்லது என்று பலரும் நம்பினர். மார்கரெட்டும், இரண்டாம் எட்வர்டின் மனைவி இசபெல்லாவும், ‘ஆர்தரின் மரணம்’ எழுதிய தாமஸ் மாலரியும் அங்கேதான் புதைக்கப்பட்டனர். நூலகத்துக்கு 1421-இல் அடிக்கல் இடப்பட்டது. செலவில் பெரும்பகுதியை மேயராக இருந்த ரிச்சர்ட் விட்டிங்டன் ஏற்றார்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1538 நவம்பரில் இதுவும் அரசர் வசமானது. கோயில் பிழைத்து, கிறைஸ்ட் சர்ச் என்ற பங்குக் கோயிலாயிற்று. கல்லறைகளுக்கு அந்த நல்லூழ் இல்லை. அவற்றின் பளிங்கையும் வெண்கல்லையும் ஏறத்தாழ 50 பவுனுக்கு விற்றுவிட்டார்கள். மூன்று நூற்றாண்டு நினைவுகளுக்குக் கிடைத்த விலை அவ்வளவே. மடத்துக் கட்டடங்களில் 1552-இல் ஏழைச் சிறுவர்களுக்கான கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளி தொடங்கியது. கவிஞர் கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்லஸ் லாமும் படித்த இப்பள்ளி, 1902-இல் ஹார்ஷமுக்குப் பெயர்ந்தது.

பழைய கோயில் 1666-இன் பெருந்தீயில் அழிந்தது. அதன் கிழக்குப் பகுதியின் அடித்தளத்தின்மேல் கிறிஸ்டோஃபர் ரென் சிறிய கோயிலொன்றை எழுப்பினார். அதுவும் 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்தது. கோபுரமும் சில சுவர்களும் மிஞ்சின. உள்ளே இப்போது ரோஜாத் தோட்டம்; தூண்கள் நின்ற இடங்களில் கொடி படரும் மரச்சட்டங்கள் நிற்கின்றன.