முன்னுரை யார் எழுதுவது?

கொரட்டூர் ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தபோது நண்பர் ஒரு காகிதக் கட்டை என் கையில் திணித்தார். இருபது வருஷக் கவிதைகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய கை எழுதியவை. "முன்னுரை நீதாம்ப்பா எழுதணும்" என்றார். "பெரிய பேரு யாரையாச்சும் கேளேன், பத்துப் பிரதி கூடப் போகும்" என்றேன். "எதுக்கு? நான் எழுதுனது கவிதைதான்னு சர்டிபிகேட் குடுக்கவா?" என்றார். வண்டி வந்துவிட்டது. கேள்வி மட்டும் போகவில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு நூல் சபையேற வேண்டுமானால் வித்துவான்களிடம் சிறப்புப்பாயிரமோ சாற்றுகவியோ வாங்கவேண்டும் என்பது இங்கே பழைய வழக்கம். சேரிக்காரன் எந்தத் திண்ணையில் போய் அதை வாங்குவது? தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். குறள் அச்சேறியது 1812இல். அந்தக் கந்தப்பன் பெயரை எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பேரன் யார் திண்ணையிலும் நிற்கவில்லை. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று சொந்தமாகப் பத்திரிகையே தொடங்கிவிட்டார்.

மராத்தியில் நடந்தது வேறு மாதிரி. 1972இல் நாம்தேவ் தசாலின் முதல் தொகுப்பு 'கோல்பிதா' வந்தது. அவர் மகார் சாதியில் பிறந்தவர், பம்பாயில் டாக்சி ஓட்டியவர். தலித் பேந்தர்ஸ் தோன்றியதும் அதே வருஷம்தான். தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் விஜய் டெண்டுல்கர், பிராமணர், பெயர்பெற்ற நாடகாசிரியர். ஆனால் அவர் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. தனக்கு விளங்காத சொற்களுக்குத் தசாலிடமே பொருள் கேட்டார். காமாத்திபுரத் தெருக்களில் அவர் கூடவே நடந்தார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார். இங்கே நமக்கு முன்னுரை தந்த எத்தனை பேர் அப்படி எழுதினார்கள்?

பல ஆண்டுக்கால நண்பர் திலீப் சித்ரே அந்தக் கவிதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 2007இல் அதை வெளியிட்டது நவயானா. ரவிக்குமாரும் ஆனந்தும் 2003இல் தொடங்கிய பதிப்பகம். தசால் பின்னாளில் சிவசேனா பக்கம் போனது நமக்கெல்லாம் உறுத்தல்தான். நண்பனின் கவிதையைப் படியுங்கள் என்று சொல்வது, அவன் எடுத்த எல்லா முடிவுக்கும் கையெழுத்துப் போடுவதாகாது.

ஆக, நண்பரின் கட்டுக்கு வருகிறேன். இதில் ஆலைக்கழிவு கலந்த கொரட்டூர் ஏரி இருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டால் ஊரைக் கேட்டு, குலசாமியைக் கேட்டு, கடைசியில் "வீடு இல்லப்பா" என்கிற வீட்டுக்காரர் இருக்கிறார். மலக்குழியில் இறங்கித் திரும்பாத சித்தப்பா இருக்கிறார். கோஷமாகவே நின்றுபோன கவிதைகளும் நாலைந்து உண்டு. எடுத்துவிடச் சொன்னேன், மறுத்துவிட்டார். சில கவிதைகளில் வரும் பட்டறைச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. அவரையே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முன்னுரை நானே எழுதிவிட்டேன். இரண்டே பக்கம். தோழர்களே, அதைத் தாண்டிக் கவிதைக்குப் போங்கள்.