ஒயர்க் கூடையின் வரலாறு

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை என்றால் அரசர் வரலாறோ ஆலய வரலாறோ எழுதுவதே நம் வழக்கம். இம்முறை நாம் வீட்டுப் பரணை நோக்கினோம். பழைய டிரங்குப் பெட்டிக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவே, பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர்க் கூடை ஒன்று கிடந்தது. ஸ்ரீராம்புரத்தில் ஒரு காலத்தில் அஃது இல்லாத தமிழ் வீட்டைக் காண்பது அரிது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதுவும் சிறு வரலாறு அன்று.

1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வால்டோ செமன் என்னும் வேதியியலார் ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி. என்னும் விறைத்த பொருளைக் கரைப்பானில் இட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கவில்லை, வளைத்தால் வளையும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. நம் ஒயருக்கு மூதாதை அதுவே.

அந்தக் குட்ரிச் நிறுவனத்தின் கூட்டுறவோடுதான் தமிழகத்தில் கெம்பிளாஸ்ட் தோன்றி, 1967இல் மேட்டூரில் பி.வி.சி. செய்யத் தொடங்கியது. 1934இல் அணை கட்டி முடிந்த ஊர் அது. 1936இலேயே மேட்டூர் கெமிக்கல்ஸ் அங்கு அமைந்திருந்தது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அஃது உப்பிலிருந்து வருவது. எஞ்சிய பகுதிக்கு மேட்டூரில் சாராயத்தைப் பயன்படுத்தினர். சாராயமோ சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் பிறப்பது. உப்பும் பாகும் சேர்ந்து ஒயராகும் என்றால் நம் பாட்டிமார் நம்பியிருப்பார்களோ?

மேல்நாட்டுச் சீமாட்டியரும் பிளாஸ்டிக் பை சுமந்தவர்களே. போர்க்காலத்தில் விமானிகளின் கண்ணாடிக் கூண்டுக்குப் பயன்பட்ட லூசைட், 1950ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் கைப்பெட்டியாயிற்று. வில்லார்டி என்னும் பெயர் பொறித்த பெட்டிகள் அவற்றுள் புகழ் பெற்றவை. அச்சில் வார்த்த மலிவுப் போலிகள் வந்ததும் அந்த மோகம் தணிந்தது. இன்று பழம்பொருள் சேர்ப்போர் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். வெயில் பட்டால் அவை மங்கும், வெடிக்கும் என்பர். நம் கூடை மொட்டைமாடி வெயிலில் காய்ந்தும் உழைத்தது என்பதைச் சற்றுப் பெருமையோடு இங்குக் குறிக்கிறோம்.

பின்னி, மினர்வா, ராஜா மில் முதலிய ஆலைகளில் உழைத்த குடும்பங்கள் பல நம் பகுதியில் வாழ்ந்தன. ஆலைச் சங்கு ஊதி ஆடவர் சென்றபின், மகளிர் வாசற்படியில் அமர்ந்து கூடை பின்னுவர். அளந்து வெட்டிய ஒயர்களை வரிசையாக நிறுத்தி, கட்டிலிருந்து அறுபடாமல் ஓடும் மற்றோர் ஒயரை ஒவ்வொன்றோடும் முடிச்சிட்டு, முதலில் அடிப்பகுதியை முடிப்பர். பிறகு பக்கங்கள் எழும். ஒரு முடிச்சு தளர்ந்தால் வரிசை முழுதும் கோணும். பிரித்து மறுபடியும் போட வேண்டும். சிவன் கண், நெல்லிக்காய் எனப் பின்னல்களுக்குப் பெயர்கள் உண்டு. முடிச்சின் இறுக்கத்தைப் பார்த்தே இன்னார் கை என்று சொல்லிவிடும் பெண்கள் நம் தெருவில் இருந்தனர். கடைக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டு செல்வதற்கும், ஊருக்குப் போகும் இரயிலுக்கும் அக்கூடையே துணை. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி வணிக வளாகம் நிற்கிறது. சங்கொலி ஓய்ந்து நெடுநாள் ஆயிற்று.

கூடைக்குப் பகையாய் வந்தது கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த மெல்லிய பை. ஸ்வீடன் நாட்டு ஸ்டென் குஸ்தாவ் துலின் அமைத்த அவ்வகைப் பைக்கு 1965இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. சாக்கடையை அடைத்து, மாட்டின் வயிற்றிலும் புகுந்த பின்னர், 2016இல் கருநாடக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. 2022 ஜூலை முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு நாடு முழுதும் தடை வந்தது. நம் கூடையும் பிளாஸ்டிக்கே. ஆனால் எவரும் அதை ஒரு நாளில் எறிந்ததில்லை. இன்று அது கைவினைப் பொருளாகக் கடைகளுக்குத் திரும்பியிருக்கிறது, விற்பவர் பெயரோடு. பின்னியவர் பெயர் மட்டும் அதில் இருப்பதில்லை.

பரணில் கிடந்த கூடையைக் கழுவினோம். வண்ணம் மாறவில்லை; கைப்பிடி மட்டும் பிரிந்திருந்தது. எதிர்வீட்டு அம்மையாரிடம் கொண்டு சென்றோம். அகவை எண்பதைக் கடந்தவர். கண்ணாடியைத் தேடவும் இல்லை. விரலால் தடவியே சுற்றி முடித்தார். அவரைப் பற்றி மலரில் எழுதப் போகிறோம் என்றோம். “இதற்கெல்லாமா வரலாறு எழுதுவீர்கள்?” என்று சிரித்தார். எழுதுவதாயின் தம் பெயரைப் போட வேண்டா என்றும் கேட்டுக்கொண்டார்.