போரில் சிதைந்த மூளையும் லூரியாவின் ஆராய்ச்சியும்

போரிலே கையை இழந்தவனுக்கு மரக்கை பொருத்தலாம். மூளையின் ஒரு பகுதியை இழந்தவனுக்கு எதைப் பொருத்துவது? முதல் உலகப் போருக்குப் பின் செருமானிய மருத்துவர் குர்ட் கோல்ட்ஸ்டைன் பிராங்க்பர்ட் நகரில் இவ்வினாவை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அதற்குப் புதுவழி கண்டவர் உருசிய அறிஞர் அலெக்சாந்தர் லூரியா (1902–1977) ஆவார்.

ஊரல் மலைப் பகுதியில், மூளைக் காயமுற்ற வீரர்க்கான மருத்துவமனை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. படிப்பு, எழுத்து, பேச்சு ஆகியவை மூளையில் ஒவ்வோர் இடத்தில் குடியிருப்பன அல்ல. பல பகுதிகள் கூடிச் செய்யும் வேலைகள் என்பது அவர் கொள்கை. ஆகவே ஒரு பகுதி அழிந்தால், எஞ்சிய பகுதிகளைக் கொண்டு வேறு வழியில் அவ்வேலையை முடிக்கப் பழக்கலாம். ஒலியை எழுப்ப மறந்தவர்க்குக் கண்ணாடியில் உதட்டசைவைக் காட்டிப் பயிற்றுவித்தனர்.

1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் ஓர் இளைஞரின் தலையில், இடப்பக்கப் பின்பகுதியில் குண்டு பாய்ந்தது. அவர் பொறியியல் மாணவர். கண் விழித்தபோது எழுத்துகள் அனைத்தும் அயல்மொழிக் குறிகளாய்த் தோன்றின. தம் உடம்பின் வலப்பாதியே காணாமற் போனதாகச் சில வேளை உணர்ந்தார். ஓரெழுத்து வேண்டுமானால் நெடுங்கணக்கை முதலிலிருந்து உரக்க ஒப்பித்து அதனிடம் வந்து சேர்வார். திண்ணைப் பள்ளிச் சிறுவனின் நிலைதான். ஆனால் அச்சிறுவன் முன்னேறுவான், இவரோ கற்றதை மறுபடி மறுபடி இழந்தார்.

ஒருநாள் மருத்துவர் ஒருவர், எழுத்தை எண்ணிப் பாராமல், கையை எடுக்காமல் சொல் முழுவதையும் ஒரே வீச்சில் எழுதச் சொன்னார். கை எழுதிவிட்டது! அறிவு மறந்ததைக் கைப்பழக்கம் மறக்கவில்லை. எழுதியதைப் படிப்பதுதான் பெரும்பாடாயிற்று. மூளையின் காயத்தை இம்முறை ஆற்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கதவு அடைபட்டபோது மற்றொன்றைத் திறந்தது, அவ்வளவே.

அவ்வழியே அவர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் தம் வாழ்க்கையை எழுதினார். ஒரு பக்கத்திற்கே நாள் முழுதும் சென்றதுண்டு. தேடிய சொல் கிடைக்கும்போது, சொல்லவந்த கருத்து நழுவிவிடும். இருந்தும் 3,000 பக்கங்கள் சேர்ந்தன. அவற்றின் பகுதிகளைத் தம் விளக்கத்தோடு தொகுத்து 1971இல் லூரியா நூலாக வெளியிட்டார். மறு ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. நூலில் பெரும்பகுதி அவ்வீரரின் சொற்களே.